டெஸ்லா மைதானத்தில் நிற்கும் கார்களை வைத்து டிமாண்டைக் கணிக்க முடியுமா?

கேள்வி இது: 2024-இன் முதல் காலாண்டில் டெஸ்லா 4,33,371 கார்களைத் தயாரித்து, 3,86,810 கார்களைத்தான் வாடிக்கையாளர் கையில் கொடுத்தது. மீதி 46,561 கார்கள் எங்கே? மால் வாசலிலும் பழைய விமான ஓடுதளத்திலும் வரிசையாக நிற்கும் டெஸ்லாக்களின் படங்களைப் போட்டு 'டிமாண்ட் செத்துவிட்டது' என்கிறார்களே, பங்கை வைத்திருப்பவர் அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலாண்டில் கார்கள் தேங்கியது உண்மை. டிமாண்ட் தளர்ந்திருந்ததும் உண்மை. ஆனால் மைதானத்துப் படம் இரண்டாவதற்கு ஆதாரம் ஆகாது. டெஸ்லாவைப் பொறுத்தவரை டிமாண்ட் விலையில்தான் தெரியும். கையிருப்பு என்பது அந்த விலையோடு சேர்த்துப் படிக்க வேண்டிய துணை எண். தனியாகப் படித்தவர்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறார்கள்.

இதற்கு அடிப்படைக் காரணம் டெஸ்லா விற்கும் முறை. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்களுக்குக் கார் டீலரிடம் போய்ச் சேரும்போதே வருமானம் கணக்கில் ஏறிவிடும். விற்காத கார் டீலரின் தலைவலி. நம் நாட்டிலும் அப்படித்தான்: மாருதியும் டாடாவும் மாதாமாதம் வெளியிடுவது பெரும்பாலும் டீலருக்கு அனுப்பிய எண்ணிக்கை. டீலர்களின் சங்கமான ஃபாடா, வாகனப் பதிவை வைத்துச் சொல்வது வேறு எண். இரண்டுக்கும் நடுவில் தேங்குவதை 2024-இல் பார்த்தோம். அந்த ஆண்டு செப்டம்பர் வாக்கில் டீலர்களிடம் 80 நாள் விற்பனைக்கும் மேலான கார்கள் நிற்கின்றன என்று ஃபாடா எச்சரித்தது. டெஸ்லாவுக்கு டீலர் கிடையாது. வாங்கியவர் சாவியைப் பெற்றால்தான் அது டெலிவரி. அதுவரை ஒவ்வொரு காரும் டெஸ்லாவின் கணக்கிலேயே, டெஸ்லாவின் காசிலேயே நிற்கிறது. மற்ற நிறுவனங்களின் தேக்கம் ஆயிரம் டீலர் வளாகங்களில் சிதறிக் கிடப்பதால் யார் கண்ணிலும் படாது. டெஸ்லாவினுடையது ஒரே இடத்தில் மொத்தமாக நிற்பதால் ட்ரோன் படத்தில் பயங்கரமாகத் தெரிகிறது.

மிசூரி மாநிலத்தில் மூடப்பட்ட செஸ்டர்ஃபீல்டு மாலின் வாகன நிறுத்தத்தில் நின்ற டெஸ்லாக்களும், பெர்லின் தொழிற்சாலைக்காக நாய்ஹார்டன்பெர்க் என்ற பழைய விமானத் தளத்தில் நிறுத்தப்பட்ட கார்களும் 2024-இல் செய்தியானவை. படங்கள் போலி அல்ல. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதில் உள்ள கார் விற்காமல் நிற்கிறதா, ஆள் பேரில் ஒதுக்கப்பட்டு லாரிக்குக் காத்திருக்கிறதா என்று சொல்லவே முடியாது. அதே மைதானத்தில் அடுத்த வாரம் வேறு கார்கள் நிற்கும். எத்தனை நிற்கின்றன என்பதைவிட எத்தனை நாள் நிற்கின்றன என்பதுதான் முக்கியம். அது ஒற்றைப் படத்தில் வராது.

நாள் கணக்கை டெஸ்லாவே கொடுக்கிறது. காலாண்டு அறிக்கையில் 'எத்தனை நாளுக்கான வாகனக் கையிருப்பு' என்று ஒரு வரி இருக்கும். அதன் அடிக்குறிப்பைப் பலர் படிப்பதில்லை. காலாண்டு முடிவில் கையில் உள்ள புதிய கார்களை அந்தக் காலாண்டின் டெலிவரியால் வகுத்து, 75 நாளால் பெருக்குகிறார்கள். காலாண்டில் 90 நாள் இருந்தாலும் கணக்கில் எடுப்பது 75 வேலை நாள்தான். இதைத் தெரிந்துகொண்டால் கார்களின் எண்ணிக்கையை நீங்களே திருப்பிக் கணக்குப் போடலாம்.

2024 முதல் காலாண்டுக்கு அவர்கள் கொடுத்த எண் 28 நாள். 3,86,810-ஐ 75-ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 5,157. அதை 28-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,44,000 கார்கள். அதற்கு முந்தைய காலாண்டில் 15 நாள், டெலிவரி 4,84,507. அதே கணக்கில் சுமார் 97,000. வித்தியாசம் 47,000 சொச்சம். தயாரிப்பிலிருந்து டெலிவரியைக் கழித்தால் வருவது 46,561. நாட்களை முழு எண்ணாகச் சொல்வதால் வரும் சிறு பிசகைத் தவிர இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆக, 'கார்களை எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார்கள்' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. நிறுவனம் தன் அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. கையிருப்பு கூடியதால் மட்டும் 270 கோடி டாலர் முடங்கியது என்றும், அந்தக் காலாண்டில் கையில் மிஞ்ச வேண்டிய ரொக்கம் 250 கோடி டாலர் மைனஸ் ஆனது என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது.

இந்த நாள் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. கார்களின் எண்ணிக்கை மாறாமலேயே, டெலிவரி குறைந்தால் நாள் கூடும். அதனால் நாள் கணக்கை மட்டும் பார்த்து 'தேக்கம் இரட்டிப்பு' என்று தலைப்புப் போட்டால் தவறாகிவிடும். மேலே உள்ள கணக்கில் நாள் 15-இலிருந்து 28-க்குப் போனது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கார்கள் 97,000-இலிருந்து 1,44,000-க்குப் போயின, அதாவது ஒன்றரை மடங்கு. அதேபோல் 28 நாளை அமெரிக்க டீலர்களின் வழக்கமான 60 நாளோடு ஒப்பிட்டு 'டெஸ்லா நன்றாகவே இருக்கிறது' என்பதும் சரியல்ல. டீலர் முறையில் பத்துப் பதினைந்து நிறங்களில் காரை வரிசையாக நிறுத்திக் காட்ட வேண்டியிருக்கிறது. டெஸ்லாவுக்கு அந்தத் தேவையே இல்லை.

இன்னொன்று, இருப்புநிலை அறிக்கையில் 'தயாரான பொருட்கள்' என்று வரும் டாலர் தொகையை ஒரு காரின் விலையால் வகுத்து, 'இத்தனை லட்சம் கார் விற்கவில்லை' என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தத் தொகைக்குள் கப்பலிலும் லாரியிலும் வந்துகொண்டிருக்கும் கார்கள், எக்ஸ்சேஞ்சில் வாங்கிய பழைய கார்கள், மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரித் தொகுதிகள் எல்லாம் அடக்கம். பேட்டரி வியாபாரம் வேகமாக வளர்ந்த ஆண்டுகளில் இந்த வகுத்தலுக்கு அர்த்தமே இல்லை.

சரி, படங்களை வைத்துப் பந்தயம் கட்டியவர்களுக்கு முன்பு என்ன ஆனது? 2018-19-ஐப் பார்க்கலாம். அப்போது ட்விட்டரில் ஒரு கூட்டம் டெஸ்லாவின் பங்குக் குறியீட்டுக்குப் பின்னால் கியூ என்ற எழுத்தைச் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தது. திவாலான நிறுவனத்தின் குறியீட்டில் சேர்க்கப்படும் எழுத்து அது. அவர்கள் கலிஃபோர்னியாவின் லேத்ராப், பர்பாங்க் போன்ற இடங்களில் நின்ற மாடல் 3 கார்களைத் தரையிலிருந்தும் வானத்திலிருந்தும் படம் எடுத்தார்கள், எண்ணினார்கள், வாராவாரம் ஒப்பிட்டார்கள். உழைப்பில் குறையே சொல்ல முடியாது. அவர்கள் படம் பிடித்த நெரிசலும் உண்மை. 2018 செப்டம்பரில் ஈலான் மஸ்க்கே, தயாரிப்பு நரகத்திலிருந்து டெலிவரி நரகத்துக்கு வந்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

2019 ஜனவரியில், டெஸ்லா வாங்குவோருக்குக் கிடைத்த அமெரிக்க மின்கார் வரிச்சலுகை 7,500 டாலரிலிருந்து 3,750-ஆகப் பாதியானது. அவசரப்பட்டவர்கள் எல்லாம் டிசம்பருக்குள் வாங்கிவிட்டதால், முந்தைய காலாண்டில் 90,000-ஐத் தாண்டிய டெலிவரி 63,000-க்கு விழுந்தது. தயாரிப்போ 77,000. முதன்முறையாக மாடல் 3 ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் கப்பலேறிய காலம் அது. சான் ஃபிரான்சிஸ்கோவின் 80-ஆம் எண் துறையில் ஏற்றி, பெல்ஜியத்தின் ஸேப்ருகே துறைமுகத்தில் இறக்க வாரக்கணக்கில் ஆகும். காலாண்டின் டெலிவரியில் பாதிதான் மார்ச் 21-க்குள் முடிந்தது, மீதிப் பாதி கடைசி பத்து நாளில் நடந்தது என்று நிறுவனம் சொன்னது. காலாண்டு முடிந்த அன்று 10,600 கார்கள் வழியில் இருந்தன. நஷ்டம் 70.2 கோடி டாலர். ஜூன் தொடக்கத்தில் பங்கு 180 டாலருக்குக் கீழே போனது (இன்றைய விலையோடு ஒப்பிட 15-ஆல் வகுக்க வேண்டும், பிறகு இரண்டு முறை பங்கு பிரிக்கப்பட்டது). கரடிகள், அதாவது பங்கு விழும் என்று பந்தயம் கட்டியவர்கள், சொன்னதெல்லாம் பலித்ததாகவே தோன்றியது.

அடுத்த காலாண்டில் டெலிவரி 95,000-ஐத் தாண்டியது. மூன்றாம் காலாண்டில் லாபம். ஆண்டு முடிவில் பங்கு 418 டாலர். தேங்கியது போலத் தெரிந்ததில் பெரும்பகுதி வழியில் இருந்த சரக்கு. ஒரே தொழிற்சாலையிலிருந்து உலகம் முழுக்க அனுப்பியதால், காலாண்டின் முதல் பாதியில் தொலைதூர நாடுகளுக்கும் பின்பாதியில் பக்கத்து ஊர்களுக்கும் தயாரித்தார்கள். அதனால் மைதானங்கள் அலை போல நிரம்பின, வடிந்தன. அலை உச்சியில் எடுத்த படத்தை வெள்ளம் என்று படித்துவிட்டார்கள்.

இந்தக் கதையை மட்டும் கேட்டுவிட்டு, 'கையிருப்பு கூடினால் கவலை வேண்டாம், எப்போதும் வடிந்துவிடும்' என்று நினைத்த காளைகள், அதாவது பங்கு ஏறும் என்று நம்பியவர்கள், அடுத்த முறை ஏமாந்தார்கள். 2022-இன் கடைசிக் காலாண்டில் 4,39,701 தயாரிப்பு, 4,05,278 டெலிவரி, 34,000 கார்கள் மிச்சம். இந்த முறையும் போக்குவரத்தைக் காரணம் காட்டினார்கள். ஆனால் டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு காருக்கு 7,500 டாலர் வரை தள்ளுபடி கொடுத்திருந்தார்கள். வரிசையில் ஆள் நிற்கும் கடை தள்ளுபடி கொடுக்காது. அதை முதலீட்டாளர்கள் சரியாகப் படித்தார்கள். 2023 ஜனவரி 3 அன்று பங்கு ஒரே நாளில் 12 சதவீதம் சரிந்தது. அடுத்த பத்து நாளில் விலைக்குறைப்பு வந்தது. அமெரிக்காவில் மாடல் ஒய் லாங் ரேஞ்ச் 65,990 டாலரிலிருந்து 52,990 ஆனது. ஒரே இரவில் 13,000 டாலர்! அந்த மாதக் கடைசியில் மஸ்க், தயாரிப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆர்டர் வருகிறது என்றார்.

அவர் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. அந்த விலைக்கு அவ்வளவு ஆர்டர் வந்தது. ஆனால் 66,000 டாலருக்கு இருந்த டிமாண்டும் 53,000 டாலருக்கு இருந்த டிமாண்டும் ஒன்றல்ல. தள்ளுபடிச் செலவைத் தூக்கிச் சுமக்க டீலர் இல்லாததால், கார் தேங்கும்போது டெஸ்லா விலையைக் குறைக்கிறது, கார் போய்விடுகிறது. மைதானம் காலியாகிவிடும். வலி வேறு பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். அது எங்கே என்று பாருங்கள்: செயல்பாட்டு லாப விகிதம் 2022-இல் 16.8 சதவீதம், 2023-இல் 9.2, 2024-இல் 7.2. இந்த மூன்று எண்களும் ஆயிரம் ட்ரோன் படங்களைவிட அதிகம் சொல்கின்றன.

கேட்ட 46,561 கார்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் விடை தெளிவாக வரும். அந்தக் காலாண்டில் நிஜமான இடையூறுகள் இருந்தன. செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, பாகங்கள் வராமல் பெர்லின் ஆலை ஜனவரி கடைசியிலிருந்து இரண்டு வாரம் நின்றது. மார்ச் 5-ஆம் தேதி அங்கே மின்கோபுரத்துக்குத் தீ வைத்ததால் மறுபடி நின்றது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையில் புதிய மாடல் 3-க்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் இவற்றைத்தான் காரணமாகச் சொன்னது. ஆனால் ஒரு நிமிடம் யோசித்தால், ஆலை நிற்பது தயாரிப்பைக் குறைக்கும், தேக்கத்தைக் கூட்டாது. சுற்றிப்போன கப்பல் மட்டும்தான் தேக்கத்தைக் கூட்டக்கூடியது. 46,000-ஐயும் அதன் தலையில் கட்டிவிட முடியாது. ஆக, பொருள் இருந்தும் வாங்க ஆள் குறைந்தது என்றே நான் படிக்கிறேன். அதற்கப்புறம் நடந்ததும் அதை உறுதிப்படுத்துகிறது. ஏப்ரலில் ஆள்குறைப்பும் விலைக்குறைப்பும், மே மாதம் அமெரிக்காவில் மாடல் ஒய்-க்கு 0.99 சதவீத வட்டியில் கடன், சீனாவில் வட்டியே இல்லாத கடன். அடுத்த காலாண்டிலேயே டெலிவரி தயாரிப்பைவிட 33,000 அதிகம். ஆண்டு முடிவில் கையிருப்பு 12 நாள், அதாவது சுமார் 79,000 கார்கள். ஆண்டைத் தொடங்கியபோது இருந்ததைவிடக் குறைவு. மைதானம் காலி, ஆனால் ஆண்டு டெலிவரி 17,89,226. முந்தைய ஆண்டின் 18,08,581-ஐவிடக் குறைவு. அதுவரை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே வந்த எண் முதன்முறையாக இறங்கியது.

வட்டிச் சலுகையைத் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். இணையதளத்தில் விலை அப்படியே இருக்கும். விலைப்பட்டியலை மட்டும் தினமும் எடுத்துப் பார்ப்பவர்கள் 'விலை குறையவில்லை, டிமாண்ட் நன்றாக இருக்கிறது' என்பார்கள். வங்கிக்குக் கொடுக்க வேண்டிய வட்டி வித்தியாசத்தை டெஸ்லா ஏற்கும்போது அதுவும் விலைக்குறைப்புதான்.

2025-இல் இரண்டு பக்க வாதங்களையும் சோதிக்க நல்ல வாய்ப்பு கிடைத்தது. முதல் காலாண்டில் நான்கு ஆலைகளிலும் ஒரே நேரத்தில் புதிய மாடல் ஒய்-க்கு மாறினார்கள். பல வாரத் தயாரிப்பு போனது. 'விற்க காரே இல்லை, அதனால்தான் டெலிவரி 3,36,681-க்கு விழுந்தது' என்றார்கள் காளைகள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தயாரிப்பு 3,62,615. அதாவது காரே இல்லாத காலாண்டில் 26,000 கார்கள் மிச்சம். சைபர்டிரக் போன்ற மற்ற மாடல்களை ஒதுக்கிவிட்டு மாடல் 3, மாடல் ஒய் மட்டும் பார்த்தாலும் 21,000-க்கு மேல் மிச்சம். கடைசி வாரங்களில் புது மாடல் ஒய் கார்கள் வழியில் இருந்திருக்கும், அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் 'காரே இல்லை' என்ற விளக்கம் முழுதாக நிற்காது. அந்தக் காலாண்டின் லாபம் 40.9 கோடி டாலர். மற்ற நிறுவனங்களுக்கு விற்ற மாசுக்கட்டுப்பாட்டு வரவுகளால் மட்டும் வந்தது 59.5 கோடி. கார் வியாபாரத்தின் நிலை அதில் தெரியும்.

மூன்றாம் காலாண்டில் நேர் எதிராக நடந்தது. தயாரிப்பு 4,47,450, டெலிவரி 4,97,099, கையிருப்பு 10 நாள். வரலாறு காணாத டெலிவரி. டிமாண்ட் திரும்பிவிட்டதா? இடையில் மீண்டும் வந்திருந்த அமெரிக்காவின் 7,500 டாலர் சலுகை செப்டம்பர் 30-உடன் முடிந்தது. 2018 டிசம்பரில் நடந்த அதே கதை. அடுத்த காலாண்டில் டெலிவரி 4,18,227-க்கு இறங்கியது. கையிருப்பு குறைவதும் சில சமயம் நல்ல செய்தி அல்ல. நாளைய வாடிக்கையாளரை இன்றே கூட்டிவந்து விற்றதன் அடையாளமாகவும் அது இருக்கும்.

கையிருப்பைச் செயற்கையாகச் சீராகக் காட்ட எளிய வழி, குறைவாகத் தயாரிப்பது. இதைப் படம் எடுப்பவர்கள் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் தயாரிக்காத காரைப் படம் எடுக்க முடியாது. டெஸ்லா தன் ஆலைகளின் திறன் என்று 2025 அறிக்கைகளில் போட்ட எண்களைக் கூட்டினால் ஆண்டுக்கு 23.5 லட்சத்துக்கு மேல். 2025-இல் தயாரித்தது 16.5 லட்சம் சொச்சம். பத்தில் மூன்று பங்கு திறன் சும்மா இருந்திருக்கிறது. டிமாண்ட் குறைவு என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரடியான சாட்சி இதுதான்.

முன்பதிவு எண்ணிக்கையை இந்தப் பேச்சில் சேர்க்காமல் இருப்பது நல்லது. சைபர்டிரக்கை 100 டாலர் கட்டி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்ததாக மஸ்க் 2023-இல் சொன்னார். அந்த 100 டாலரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உண்மை நிலவரம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2025 மார்ச்சில் பக்கவாட்டுத் தகடு கழன்றுவிழும் குறைக்காக 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை தயாரான சைபர்டிரக்குகளைத் திரும்ப அழைத்தார்கள். மொத்தம் 46,096. ஆண்டுக்கு 1,25,000-க்கு மேல் தயாரிக்க முடியும் என்று சொல்லப்பட்ட வண்டி அது. சைபர்டிரக்கின் எண்ணிக்கையை டெஸ்லா தனியாகச் சொல்வதில்லை. ஆனால் அமெரிக்க வாகனப் பாதுகாப்பு ஆணையத்திடம் கொடுக்கும் படிவத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். இப்படிப்பட்ட ஆவணங்களைத் தேடிப் படிப்பதற்கு, மைதானம் மைதானமாகச் சுற்றும் நேரத்தில் பாதி போதும்.

வேறு என்ன பார்க்கலாம் என்று கேட்பீர்கள். நார்வேயில் பதிவு எண்ணிக்கை தினமும் தெரியும் என்பதால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். 2024-இல் அங்கே விற்றது 25,000-க்கும் குறைவு. அதை வைத்து உலகத்தைக் கணிக்க முடியாது. சீனாவின் எண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாதத் தொடக்கத்தில் 'டெஸ்லாவின் சீன விற்பனை' என்று செய்தியில் வருவது ஷாங்காய் ஆலையிலிருந்து வெளியேறிய மொத்தக் கார்கள். ஐரோப்பாவுக்குக் கப்பலேறியவையும் அதில் இருக்கும். காலாண்டின் முதல் மாதத்தில் பெரும்பாலும் ஏற்றுமதிப் பங்கு அதிகம், மூன்றாம் மாதத்தில் உள்ளூர்ப் பங்கு அதிகம். ஏற்றுமதியைக் கழித்த எண் சில நாள் கழித்துத்தான் வரும், அதற்குள் பங்கு ஆடி முடித்திருக்கும். நான் அந்த எண்ணுக்காகக் காத்திருப்பேன், முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவேன்.

கடைசியாக, பங்கு வைத்திருக்கும் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இவ்வளவையும் சரியாகக் கணித்தாலும் பங்கு உங்கள் பக்கம் போகும் என்று உறுதியில்லை. மேலே சொன்ன 28 நாள் தேக்கமும் 250 கோடி டாலர் மைனஸும் வெளியானது 2024 ஏப்ரல் 23 அன்று. வருமானமும் 9 சதவீதம் குறைந்திருந்தது. கரடிகள் சொன்ன எல்லா எண்களும் சரி. அதே மாலை, விலை குறைந்த புதிய மாடல்களின் தயாரிப்பை முன்னதாகவே தொடங்குவோம் என்று நிறுவனம் அறிவித்தது. மறுநாள் பங்கு 12 சதவீதம் ஏறியது. கையிருப்பை வைத்து ஷார்ட் போனவர்கள் (பங்கு விழும் என்று பந்தயம் கட்டியவர்கள்) கணக்கில் சரியாக இருந்தும் அன்று பணத்தை இழந்தார்கள். டெஸ்லா பங்கின் விலையில் கார் வியாபாரத்தின் பங்கு எவ்வளவு, ஓட்டுநர் இல்லாத டாக்ஸி பற்றிய நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்ய வேண்டும். மைதானத்துக் கார்களால் முதல் பாதிக்கு மட்டும்தான் கொஞ்சம் பதில் சொல்ல முடியும்.